படத்தின் மூலையில் யாருடைய பெயர்?

"எனக்குக் கீறத் தெரியாது, ரீச்சர்."

சித்திர வகுப்புக்கு முதல்நாள் வருகின்ற பெண்களில் அநேகமானோர் சொல்லும் வசனம் இது. வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். யார் இவர்கள் என்று பார்த்தால், எண்ணிப் பார்க்காமலே கடகம் இழைப்பவர்கள். அளவுச் சட்டையை ஒருமுறை விரித்துப் பார்த்துவிட்டுத் துணியை வெட்டுபவர்கள். பொங்கலுக்கு முற்றத்தில் கோலம் போட்டால் வீதியால் போகிறவர் சைக்கிளை நிறுத்திப் பார்ப்பார். இத்தனையும் செய்கிற கைக்குக் கீற வராது என்று பாடசாலையில் யாரோ ஒருவர் சொல்லிவிட்டார். அதை முப்பது வருடமாக நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

சித்திர ஆசிரியையாக அரச பாடசாலைகளில் வேலை செய்து ஓய்வுபெற்றவள் நான். அதற்கு வெளியே, 2011 ஆம் ஆண்டு முதல் கிளிநொச்சிப் பக்கத்துக் கிராமமொன்றில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில் பெண்களுக்கு ஒரு வகுப்பும் நடத்தி வருகிறேன். என் பாட்டுக்கு நானும் படம் கீறுகிறேன். கற்றது, கற்பித்தது, கீறியது மூன்றும் எனக்குள் ஒன்றோடொன்று கலந்துதான் கிடக்கின்றன. ஆகையால் இக்கட்டுரையும் அப்படித்தான் போகும்.

என் முதல் ஆசிரியர் அப்பா. அவர் கடைகளுக்கு விளம்பரப் பலகை எழுதுபவர். வலிகாமம் வடக்கில் எங்கள் வீட்டு விறாந்தையில் எப்போதும் ஒரு பலகை சாய்த்து வைக்கப்பட்டிருக்கும். "கோடு விரலால வாறேல்லை, தோளால வாறது" என்பார். 'ழ' எழுத்தின் வளைவை ஒரே இழுப்பில் எழுதப் பழக்கினார். எழுதும்போது மூச்சை விடாமல் பிடித்திருக்க வேண்டும். இன்றைக்கும் பெரிய படத்தில் நீளமான கோடு இழுக்கும்போது என் மூச்சு தானாக நிற்கும். கோயில் கொடியேற்றத்துக்கு முன்னர் வாகனங்களுக்கு வர்ணம் பூசுகிற வேலையும் அவருக்கு வரும். பெண்பிள்ளை என்பதால் வாகனசாலைக்குள் என்னை விடமாட்டார்கள். நான் வீட்டில் இருந்து வர்ணம் அரைத்துக் கொடுப்பேன். நிறத்தைப் பற்றி எனக்குத் தெரிந்தது பெரும்பாலும் அந்த அம்மியில் கற்றதுதான். வாகனத்தைத் திருவிழா அன்று கூட்டத்தோடு கூட்டமாக நின்று பார்ப்பேன். அந்தப் பச்சை நான் அரைத்தது என்று பக்கத்தில் நின்றவருக்குத் தெரியாது.

பாடசாலையில் சித்திரப் பாடம் என்றால் பார்த்துக் கீறுவது. குடமும் வாழைப்பழமும் மேசையில் இருக்கும். நாங்கள் குடத்தைப் பார்க்காமல், ரீச்சர் கரும்பலகையில் கீறிய குடத்தைப் பார்த்துக் கீறுவோம். பரீட்சைக்கு அது போதுமாயிருந்தது. நிஜக் குடத்தின் வாய் நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்து ஒடுங்கியும் அகன்றும் தெரிகிறது என்பதை ஆசிரியப் பயிற்சிக்குப் போன பிறகுதான் கண்டேன். பத்து வருடமாகத் தண்ணீர் அள்ளிய குடம் அது!

யாழ்ப்பாணத்தில் ஓவியம் பற்றிப் பேசினால் அ. மாற்கு மாஸ்ரரின் பெயர் வராமல் போகாது. 1933 இல் பிறந்து 2000 ஆம் ஆண்டில் காலமானவர். கொழும்பில் டேவிட் பெயின்ரரிடம் கற்று வந்து, தன் வாழ்நாளைக் கற்பிப்பதிலும் கீறுவதிலும் கழித்தவர். அவருடைய படங்களில் பல இடப்பெயர்வுகளோடு இல்லாமற் போயின. ஆனால் அவரிடம் கற்றவர்கள் இருக்கிறார்கள். இன்று அறியப்படும் ஓவியர்களான த. சனாதனன், வாசுகி இருவரும் அவருடைய மாணவர்கள். நான் அவரிடம் இருந்து கற்கவில்லை. என்றாலும் ஓர் ஆசிரியரின் வேலை எங்கே போய்ச் சேருகிறது என்பதற்கு அவரைத்தான் உதாரணமாக நினைத்துக்கொள்வேன். சுவரில் தொங்குகிற படத்துக்கு ஷெல் விழலாம். மாணவரின் கைக்குள் போனது ஓடித் தப்பக்கூடியது.

நான் படிப்பிக்கத் தொடங்கியது 1990களின் தொடக்கம். மின்சாரம் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய், பற்றரி எல்லாம் தட்டுப்பாடு. பத்திரிகைகளே கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சாகி வந்த காலம். வர்ணப் பெட்டிக்கு எங்கே போவது? பிள்ளைகள் பழைய கணக்குத் தாள்களின் பின்பக்கத்தில் கீறினார்கள். பென்சிலும் கிடைக்காத நாட்களில் கரியைச் செய்துகொண்டோம். அந்தச் செய்முறையை இப்போதும் வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். செலவில்லாதது. வீட்டில் நீங்களும் செய்யலாம்.

பென்சில் மொத்தத்தில் பூவரசங் கம்புகளை எடுத்துத் தோலைச் சீவி நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு அவற்றை ஒரு பால்மா ரின்னுக்குள் நெருக்கமாக அடுக்கி, மூடியை இறுக்கி, மூடியில் ஆணியால் ஒரு சிறு துளை இட வேண்டும். சமையல் முடிந்த அடுப்புத் தணலுக்குள் ரின்னைப் புதைத்துவிட்டால் துளையால் புகை வரும். புகை நின்றதும் வெளியே எடுக்கலாம். ஆனால் நன்றாக ஆறும்வரை மூடியைத் திறக்கக் கூடாது. சூட்டோடு திறந்தால் காற்றுப் பட்டு உள்ளே நெருப்புப் பிடித்து எல்லாம் சாம்பலாகிவிடும். பிழையாகக் கீறியதை அழிக்கப் பாண் துண்டின் உள்பகுதியை உருட்டி ஒற்றி எடுக்கலாம். தடைக் காலத்தில் இதைச் சொல்லிக் கொடுத்தபோது பிள்ளைகள் அழிப்பதற்கு முன்னமே பாணைச் சாப்பிட்டுவிட்டார்கள். நானும் கண்டுகொள்ளவில்லை.

1995 ஒக்ரோபர் 30 இல் வலிகாமமே எழும்பி நடந்தபோது நாங்களும் தென்மராட்சிக்கு நடந்தோம். அப்பாவின் தூரிகைகளை ஒரு ரின்னில் போட்டு மாற்றுச் சேலைக்குள் சுற்றிக் கொண்டுபோனேன். அன்றைய மழையையும் நாவற்குழிப் பாதையையும் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

நிறங்களையும் அப்படியே தேடிக்கொண்டோம். கோப்பாய், உரும்பிராய்ப் பக்கத்துச் செம்பாட்டு மண்ணைத் தண்ணீரில் கரைத்துச் சற்று விட்டால் மணல் அடியில் போகும். மேலே நிற்கும் கலங்கல் தண்ணீரை இன்னொரு சட்டியில் வார்த்து வைத்தால் மறுநாள் பட்டுப் போன்ற வண்டல் கிடைக்கும். விளாம் பிசினை இரவு ஊறவைத்து அதில் குழைத்தால் நல்ல காவி வர்ணம். கண்டிக் காலத்து விகாரைச் சுவரோவியங்களுக்கும் விளாம் பிசின்தான் பயன்பட்டது என்று பின்னர் அறிந்தேன். மஞ்சள் அழகான நிறம். ஆனால் வெயில் பட்டால் வெளிறிப் போகும், நம்ப முடியாது. அதே மஞ்சளில் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கும் என்பது எங்களுடைய பெண்களுக்குத் தெரிந்ததே. உடுப்புக்குப் போடுகிற நீலம் நிலைத்து நிற்கும். பச்சைதான் கரைச்சல். இலையைக் கசக்கிப் பூசினால் ஒரு கிழமையில் மண்ணிறமாகிவிடும்.

இனி 2011 க்கு வருகிறேன். மீள்குடியேறி ஒன்றரை வருடம்கூட ஆகாத கிராமம். தறப்பாள் கூரைகள் தகரமாக மாறிக்கொண்டிருந்த நேரம். முதலில் பதினாறு பெண்கள் வந்தார்கள். பாதிப்பேர் தனித்துக் குடும்பத்தைக் கொண்டுநடத்துபவர்கள். தையல், கோழி வளர்ப்பு என்று ஏற்கெனவே பல பயிற்சிகளுக்குப் போய்ச் சலித்தவர்கள். "இதுக்கு என்ன குடுப்பினம்?" என்று ஒருவர் நேரே கேட்டார். தேத்தண்ணி மட்டும்தான் என்றேன். சிரித்துவிட்டு இருந்தார்.

முதல் மாதம் நீத்துப்பெட்டியைத்தான் கீறினோம். எல்லோர் வீட்டிலும் இருக்கிற பொருள். கையில் எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு, விரலால் அதன் ஓலைப் பின்னலைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். பிறகு தாளைப் பார்க்காமல் பொருளை மட்டும் பார்த்தபடி, கண் போகிற வேகத்திலேயே கை போகும்படி கீறச் சொன்னேன். வருகிற படம் கோணல்மாணலாகத்தான் இருக்கும். எல்லோருடையதும் கோணலாக இருப்பதால் வெட்கம் போய்விடும். அதற்குள் ஒரு மூலையில் ஒரு சிறு வளைவு உயிரோடு விழுந்திருக்கும். அதைத் தொட்டுக் காட்டுவதுதான் என் வேலை. அடுத்ததாகக் கதிரை. கதிரையைக் கீறாமல் அதன் கால்களுக்கு இடையில் இருக்கிற வெளியை மட்டும் கீறச் சொல்வேன். வெளியை ஒழுங்காகக் கீறி முடித்தால் கதிரை தானாக வந்து நிற்கும். இந்தப் பயிற்சியை எந்த வயதுக்காரரும் விரும்புவார்கள். ஓர் ஆச்சி, "இல்லாததைக் கீறி இருக்கிறதைப் பிடிக்கிற வேலை" என்றார்.

மூன்றாம் மாதம், வகுப்புக்குத் தாளும் பஸ்ரலும் வாங்கித் தந்த ஒரு நிறுவனத்தின் இணைப்பாளர் வந்தார். நல்ல மனிசிதான். வந்தவர் தாள்களைப் பகிர்ந்துவிட்டு, "உங்கள் வாழ்க்கையில் மிகவும் துன்பமான நாளை வரையுங்கள்" என்றார். கண்காட்சி ஒன்று ஒழுங்காகிறதாம். கட்டடத்துக்குள் சத்தமே இல்லை. ஒரு பெண் சிவப்புப் பஸ்ரலை எடுத்துக் கையிலேயே வைத்திருந்தார். அது இரண்டாக உடைந்தது. உடைந்த துண்டுகளைத் தாளின் மேல் பக்கத்துக்குப் பக்கம் வைத்துவிட்டு எழும்பிப் போனார். வேறு சிலர் கீறினார்கள். கீறியது எதுவென்றால், வீடு, மேலே விமானம், கீழே விழுந்த ஆள். எல்லாத் தாளிலும் ஏறக்குறைய ஒரே படம். தங்களுடைய நாளை அவர்கள் கீறவில்லை. கேட்டவருக்கு எது வேண்டும் என்று விளங்கி அதைக் கொடுத்தார்கள். நிவாரண விண்ணப்பம் நிரப்பிப் பழகிய கைகள் அல்லவா?

அன்று பின்னேரம் இணைப்பாளரோடு நீண்ட நேரம் கதைத்தேன். பயிற்சி பெற்ற உளவளத்துணையாளர் ஒருவர், தனியிடத்தில், நாட்கணக்காகக் கூட இருந்து படத்தைப் பயன்படுத்துவது வேறு. அதை நான் மதிக்கிறேன். மட்டக்களப்பில் 1996 இல் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில் தமிழ், முஸ்லிம் சிறுவர்கள் மாதக்கணக்காக வந்து களிமண்ணும் வர்ணமும் கதையுமாக இருந்தார்கள். அங்கே பிள்ளைக்கு நேரம் கொடுக்கப்பட்டது. ஒரு மணித்தியாலத்தில் பதினாறு பேரின் ஆகத் துன்பமான நாளை வாங்கிக்கொண்டு வாகனத்தில் ஏறுவதை அதோடு சேர்க்க முடியாது. என் வகுப்பில் அந்தக் கேள்வியை இனிக் கேட்க வேண்டாம் என்று சொன்னேன். பஸ்ரல் வருவது நின்றது. கரி இருந்தது.

இந்த விடயத்தில் எனக்கு உறுதி தந்தவர் ஒரு வெளிநாட்டு ஆசிரியை. ஃபிரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்பது பெயர். 1898 இல் வியன்னாவில் பிறந்தவர். ஜேர்மனியின் புகழ்பெற்ற பௌஹவுஸ் கலைக்கூடத்தில் படித்தவர். யூதப் பெண் என்பதால் 1942 டிசம்பரில் நாசிகளால் தெரேசின் என்ற முகாமுக்கு அனுப்பப்பட்டார். கொண்டுபோக அனுமதிக்கப்பட்ட பொதியில் சித்திரப் பொருட்களையும் கொண்டுபோனார். பெற்றோரைப் பிரிந்து முகாமில் அடைபட்டிருந்த பிள்ளைகளுக்கு அங்கே சித்திரம் படிப்பித்தார். தாள் இல்லாதபோது அலுவலகப் படிவங்களின் பின்பக்கம். என்ன படிப்பித்தார் என்பதைப் பாருங்கள்: கோட்டின் தாளம், இருளும் ஒளியும், பொருட்களின் தன்மை, பழைய ஓவியங்களைப் பார்த்துப் பழகுதல். நல்ல கலைக்கூடத்தில் என்ன சொல்லிக் கொடுப்பார்களோ அதையே அந்தப் பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுத்தார். பிள்ளைகள் பூவையும் வண்ணத்துப்பூச்சியையும் கீறினார்கள். தங்கள் வீட்டையும் கீறினார்கள். முகாமையும் கீறினார்கள். ஒவ்வொரு படத்திலும் தங்கள் சொந்தப் பெயரை எழுத வைத்தார். இலக்கங்களாக எண்ணப்பட்ட பிள்ளைகள் அவர்கள்.

1944 ஒக்ரோபரில் அவர் ஒஷ்விற்ஸுக்கு அனுப்பப்பட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலானோருக்கும் அதே கதிதான். பிள்ளைகளின் ஏறக்குறைய 4,500 படங்கள் இரண்டு சூட்கேசுகளில் ஒளித்து வைக்கப்பட்டு, போர் முடிந்ததும் பிராக் நகருக்கு வந்து சேர்ந்தன. அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. பெயர் எழுதியிருந்ததால்தான் எந்தப் படம் எந்தப் பிள்ளையுடையது என்று இன்று பார்க்கிறவருக்குத் தெரிகிறது.

எங்கள் வகுப்பிலும் அதன் பிறகு படத்தின் மூலையில் பெயரும் திகதியும் எழுதுவதை வழக்கமாக்கினோம். உடனே ஒரு சிக்கல் வந்தது. "பேர் எழுதினா விசாரணைக்கு வருவினமோ, ரீச்சர்?" 2011 ஆம் ஆண்டில் இந்தக் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. இரவில் வாசலில் வந்து நின்று பெயர் கேட்டவர்களை அந்தப் பெண்கள் கண்டிருந்தார்கள். ஆகவே விரும்பியவர்கள் பெயர் எழுதட்டும், மற்றவர்கள் தங்களுக்கென ஓர் அடையாளம் வைத்துக்கொள்ளட்டும் என்று முடிவெடுத்தோம். ஒருவர் கோலப்புள்ளி மூன்று வைத்தார். ஒருவர் ஓலைப்பெட்டியின் முடிச்சு ஒன்றைக் கீறினார். தானாகப் பெயரை மறைப்பதும், கேட்காமலே பெயர் விடுபட்டுப் போவதும் ஒன்றல்ல என்பது அப்போதே எங்களுக்குள் பேசப்பட்டது. இரண்டாவதை நாங்கள் 2013 இல் கண்டோம்.

அந்த வருடம் வந்த ஒரு நாட்காட்டியில் எங்கள் வகுப்புப் பெண் ஒருவரின் படம் அச்சாகியிருந்தது. அவர் கரியாலும் செம்மண்ணாலும் கீறிய தன் பழைய வீடு. கூட்டுறவுக் கடைச் சுவரில் தொங்கியதை அரிசி வாங்கப் போனபோது கண்டிருக்கிறார். கீழே, 'போரினால் விதவையான பெண்ணின் ஓவியம்' என்று மட்டும் இருந்தது. "என்ர வீட்டைத் தூக்கி வைச்சிருக்கினம். என்ர பேரைக் காணேல்லை" என்றார். அவருடைய கணவர் உயிரோடு இருக்கிறாரா இல்லையா என்பது அவருக்கே அன்றைக்குத் தெரியாது. விதவை என்று தீர்மானித்தவர் நாட்காட்டியை அச்சிட்டவர்! அந்த நிறுவனத்துக்குக் கடிதம் எழுதினோம். பதில் கடிதம் வரவில்லை. நன்றி சொல்லிப் பத்து நாட்காட்டிகள் வந்தன. அவற்றின் பின்பக்கம் நல்ல வெள்ளைத் தாள். மூன்று மாதம் கீறுவதற்குக் காணும்.

அதற்குப் பிறகு எந்தப் படமும் கீறியவரின் கையெழுத்து இல்லாமல் கட்டடத்தை விட்டு வெளியே போவதில்லை. எங்கே போகிறது, எவ்வளவு காலத்துக்கு, கீழே என்ன எழுதுவார்கள் என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதிக்கொள்கிறோம். "இது ஆருக்கும் காட்டுறதுக்கில்லை" என்று சொன்னால் அந்தப் படம் துணியில் சுற்றப்பட்டு வீட்டுக்குப் போகும். நானும் பார்க்கக் கேட்பதில்லை.

சைக்கிள் கீறுகிற அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார். அவருடைய மகனை 2009 மே மாதம் வட்டுவாகலில் கடைசியாகக் கண்டது. வகுப்புக்கு வந்த முதல் ஆறு மாதமும் சொன்ன பயிற்சிகளைச் செய்தார். பிறகு ஒருநாள், "சைக்கிள் கீற ஏலுமோ?" என்று கேட்டார். சைக்கிள் கீறுவது மிகவும் கடினம், அனுபவம் உள்ளவர்களே திணறுவார்கள். சில்லு பக்கவாட்டில் வட்டம். கொஞ்சம் திருப்பி வைத்தால் அது ஒடுங்கிய வட்டமாகிறது. இரண்டு சில்லும் ஒரே அளவில் ஒடுங்குவதில்லை. இதையெல்லாம் அவருக்குச் சொல்லிக் கொடுக்க எனக்கு நாலைந்து கிழமை பிடித்தது. சுளகைச் சரித்துச் சரித்துக் காட்டித்தான் விளக்கினேன்.

அவர் அதை விடவில்லை. பக்கத்து வீட்டுச் சைக்கிளைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, இரண்டு வருடம் சைக்கிளையே கீறினார். கைபிடி, மணி, செயின் கவர். கம்பிகளை ஒவ்வொன்றாக எண்ணிக் கீறினார். எண்ணத் தேவையில்லை, கண்ணுக்குத் தெரிகிற அளவுக்குப் போட்டால் போதும் என்று நான் சொன்னதைக் கேட்கவில்லை. "இந்தக் கரியர் சரியா வரேல்லை, ரீச்சர். அவன் விறகு கட்டுறது இதிலதான். இன்னும் கொஞ்சம் அகலம்" என்பார். அழித்துவிட்டுத் திரும்பக் கீறுவார். மகனைக் கீறச் சொல்லி நான் கேட்கவில்லை. அவரும் கீறவில்லை. ஆனால் இருபது வருடம் சித்திரம் படிப்பித்த எனக்கு, ஒரு பொருளைச் சரியாகப் பார்ப்பது என்றால் என்னவென்று அவருடைய கரியரில்தான் விளங்கியது.

கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் 2017 பெப்ரவரி 20 இல் தொடர் போராட்டத்தைத் தொடங்கியபோது அவரும் கொட்டகையில் போய் இருந்தார். மகனின் பாஸ்போட் அளவுப் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டுக் கையில் வைத்திருந்தார். சைக்கிள் படத்தையும் கொண்டுபோகலாமே என்று யாரோ சொன்னார்கள். "போட்டோ அவையளுக்கு. சைக்கிள் எனக்கு" என்று மறுத்துவிட்டார்.

அவருக்கு நான் கேதே கொல்விற்ஸ் என்ற ஜேர்மன் பெண் ஓவியரைப் பற்றிச் சொன்னதுண்டு. பெண்களைக் கலைக் கல்லூரிகளில் சேர்க்காத காலத்தில் பெண்களுக்கான தனிக் கலைப் பாடசாலைகளில் கற்றவர். கணவர் பேர்லினில் ஏழைத் தொழிலாளர் பகுதியில் மருத்துவர். அங்கே வந்து போன பெண்களைத்தான் கேதே கீறினார். இளைய மகன் பீற்றர் 1914 ஒக்ரோபரில், 18 வயதில், பெல்ஜியத்தில் போர்முனையில் இறந்தான். அந்த வருட இறுதியிலேயே அவனுக்கு ஒரு நினைவுச் சிலை செய்ய நினைத்தார். முதல் எண்ணம், மகனின் உடலும் அருகில் பெற்றோரும். அது சரிவரவில்லை. 1919 இல் அந்த வேலையைக் கைவிட்டார். சில வருடங்களின் பின் மீண்டும் தொடங்கினார். சிலை மகனின் மயானத்தில் வைக்கப்பட்டது 1932 இல். 18 வருடம். மகன் உயிரோடு இருந்த காலமும் அவ்வளவுதான். முடிவில் அதில் மகன் இல்லை. முழந்தாளிட்ட தாயும் தகப்பனும் மட்டும்தான், தனித்தனிக் கல்லில். தகப்பன் தன்னைத் தானே இறுகக் கட்டிக்கொண்டிருக்கிறார். தாய் தலை குனிந்திருக்கிறாள். முகங்கள் அவருடையதும் கணவருடையதும்.

இதைக் கேட்ட அம்மா நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "அவவுக்கு மயானம் தெரிஞ்சிருக்கு" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. வேறு நாட்டுக் கதைகளை எங்கள் காயத்துக்கு மருந்தாகக் கொண்டுவருகிறவர்கள் (நான் உட்பட) இந்த வசனத்தைக் கேட்டு வைத்திருப்பது நல்லது.

என்னுடைய சொந்த வேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பல வருடமாக எங்கள் வீட்டுக் கிணற்றையே கீறினேன். 1990 இல் விட்டு வந்த வளவு. உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டதால் பார்க்க முடியாது. நினைவில் இருந்து துலாவையும் கிணற்றுக்கட்டையும் தொட்டியையும் கீறினேன். நிலங்களைக் கட்டம் கட்டமாக விடுவித்தபோது எங்கள் துண்டும் வந்தது. போய்ப் பார்த்தால் வீடு இல்லை. கிணறு தூர்ந்து கிடந்தது. கிணற்றுக்கட்டு, நான் கீறியதில் பாதி அளவுதான் இருக்கும். சிறுபிள்ளையாக எட்டிப் பார்த்த கிணற்றை நான் அத்தனை வருடமும் கீறியிருக்கிறேன். படங்களைத் திருத்தவில்லை. உண்மைக் கிணற்றைப் புதிதாக வேறு தாளில் கீறி அவற்றுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஓவியர் சனாதனனின் முழுமையற்ற தோம்பு பற்றிய நூல் 2011 இல் வெளிவந்தது. இடம்பெயர்ந்த தமிழ், முஸ்லிம் மக்களிடம் அவர்கள் விட்டு வந்த வீட்டின் நிலப்படத்தை நினைவில் இருந்து கீறச் சொல்லி வாங்கி, அவற்றோடு தன் ஓவியங்களையும் சேர்த்திருக்கிறார். கச்சேரியில் உள்ள தோம்பில் எல்லைக்கல்லும் பரப்பளவும் இருக்கும். இந்தத் தோம்பில் குசினி எங்கே, முருங்கை எங்கே, சாமியறை எங்கே என்று இருக்கிறது. எங்கள் வகுப்பிலும் வீட்டு நிலப்படம் கீறினோம். பெரும்பாலானோர் தொடங்கியது குசினியில். அங்கிருந்துதான் மற்ற அறைகளுக்குக் கோடு போனது. ஆண்கள் கீறினால் எங்கே தொடங்குவார்கள் என்று அறிய எனக்கு ஆவல் உண்டு, இன்னும் கேட்டுப் பார்க்கவில்லை.

இப்போது வகுப்பில் பதினொரு பேர். சிலர் கூலி வேலைக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் போய்விட்டார்கள், இரண்டு பேர் தங்கள் கிராமத்துப் பிள்ளைகளுக்குச் சித்திரம் சொல்லிக் கொடுக்கிறார்கள். 2022 நெருக்கடியின்போது தாள் விலை எகிறியது. தாள் இல்லாமல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சைகளே ஒத்திவைக்கப்பட்ட வருடம் அது. எங்களுக்கு அது புதிதல்ல. பழைய கணக்குத் தாளும் பூவரசங் கம்பும் திரும்ப வந்தன. கரிப்படம் உதிராமல் இருக்க, ஆடை நீக்கிய பாலில் தண்ணீர் கலந்து மெல்லத் தெளிப்பது ஒரு பழைய முறை. வான்கோ என்ற பெரிய ஓவியரும் தன் பென்சில் படங்களுக்குப் பால் தெளித்திருக்கிறார். பால்மாவுக்கு வரிசையில் நின்ற அந்த நாட்களில் இதைச் சொன்னபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "அவருக்கு வீட்டில பிள்ளையள் இல்லையோ?" என்று ஒருவர் கேட்டார். சொந்தப் பிள்ளைகள் இல்லைத்தான்.

இப்போது பால் ஓரளவு வாங்கலாம் என்பதால் தெளிக்கிறோம். எறும்பு மொய்க்கவில்லை. கறையான்தான் விடாது. ஆகவே உங்கள் படங்களை நிலத்திலோ மண்சுவரோடு ஒட்டியோ வைக்க வேண்டாம். ஒவ்வொரு படத்துக்கும் இடையில் ஒரு தாள் வைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு, றங்குப் பெட்டியில் உயரமான இடத்தில் வையுங்கள். மாரி முடிந்ததும் ஒருநாள் நிழலில் விரித்துக் காயவிட்டு மீண்டும் எடுத்து வையுங்கள்.